பரசுராமன் அண்ணனின் கம்ப்யூட்டரில் வந்தது

பரசுராமன் அண்ணன் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. தறிக்காரர்கள் வந்து காத்திருக்கும் கடை அது. காத்திருப்பவர்கள் வாயில் எதுவும் வரும். யாராவது வாய் தவறிப் பேசிவிட்டால் அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர்ப் பானை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்காருவார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு. பேசியவன் அதற்கே அசடு வழிவான். நெற்றி நிறையத் திருநீறு, மடிப்புக் கலையாத வேட்டி, தோளில் துண்டு. வைகாசியில் காஞ்சிபுரத்துக் கருட சேவைக்குக் கூட்டம் நெரியும்போது கடை வாசலில் பந்தல் போட்டு, தன் கையாலேயே மோர் ஊற்றிக் கொடுப்பார். அவர் ஒன்றைச் சொன்னால் அதற்கு மறுபேச்சு இருக்காது. எல்லா வம்பும் அதில்தான் வந்தது.

பட்டுப் புடவைக்குக் கரையும் முந்தியும் வரைந்து கொடுப்பது அவர் தொழில். அன்னமோ யாளியோ, கேட்ட உருவத்தைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு, அதைப் பார்த்து அட்டைகளில் துளை அடித்துக் கொடுக்க வேண்டும். அட்டை தறிக்கு மேலே ஏறிவிட்டால் எந்த இழை எழும்ப வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். வரைவது அண்ணனுடைய கண். கம்ப்யூட்டரில் போடுவது பழனியின் கை.

பழனிக்கு அப்பா இல்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு இங்கே வேலைக்கு வந்தவன், இப்போது கல்யாண வயதில் இருக்கிறான். ஐயம்பேட்டையில் தர்மன் என்பவருடைய மகள் ஜெயப்ரியாவைப் பெண் கேட்டபோது, பையன் வீட்டுப் பெரியவராகப் போய் உட்கார்ந்தது பரசுராமன் அண்ணன்தான். "என் கடையில இருக்கான், என் பையன் மாதிரி" என்று ஒரே வார்த்தை சொன்னாராம். தர்மன் அதற்குமேல் விசாரிக்கவே இல்லை. தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அண்ணன் கடைக்கு ஒட்டிய கடை என்னுடையது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் ரிப்பேர். என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அவ்வளவு நீளத்தைச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது என்பதால் மங்கை.

போன ஆயுத பூஜை அன்று அண்ணன் கடைக்குச் சுண்டல் வாங்கிக்கொள்ளப் போனேன். அட்டை அடிக்கிற மெஷின், கத்தரி, ஸ்கேல், பழைய பிரஷ்கள் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. கம்ப்யூட்டருக்கும் பொட்டு, மாலை. அதுகூட எல்லாக் கடையிலும் நடப்பதுதான். இங்கே திரை முழுக்கக் காமாட்சி அம்மன், கையில் கரும்பு வில்லோடு, முழு அலங்காரத்தில் இருந்தாள். பார்த்ததும் நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"படம் சூப்பரா இருக்குதுண்ணா. பழனி போட்டானா?"

"அவன் வாழைக்கன்னு வாங்கப் போயிருந்தான். நானே போட்டேன் மா" என்றார் அண்ணன். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எல்லாத்துக்கும் பூஜை போட்டுட்டு இத மட்டும் இருட்டா வெச்சா நல்லாவா இருக்கும்? நெட்டுலேர்ந்து எறக்கினேன்."

அந்த வயதில் தானே தேடி, தானே இறக்கியிருக்கிறார் என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பூஜைக்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் மூலையில் ஒரு நீலக் கேடயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இதெல்லாம் பின்னால் பழனி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது அவ்வப்போது "உங்கள் கணினியில் ஆபத்து" என்று சிவப்பாக எழுதிக் காட்டும். இன்டர்நெட்டைத் திறந்தால் வழக்கமாக வருகிற பக்கம் வராது, கண்டதும் விற்கிற வேறொரு பக்கம் வரும். ஒன்றைத் தேடினால் இன்னொன்றில் கொண்டுபோய் விடும். பழனி அண்ணனிடம் கேட்டிருக்கிறான். "ண்ணா, இது நாம போட்டது இல்ல. பக்கத்துல மங்கை அக்காவ வந்து பாக்கச் சொல்லட்டா?"

"காவலுக்கு இருக்குறத எவனாவது தொரத்துவானாடா? அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ கை வெக்காத" என்றாராம் அண்ணன்.

பழனி கை வைக்கவில்லை. அவர் சொல்லை மீறி அவன் எதையும் செய்ததில்லை.

தீபாவளி முடிந்து கல்யாண ஆர்டர்கள் குவியும் நேரம். வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் முகூர்த்தப் புடவைக்குக் கரை பார்க்க வந்திருந்தார்கள். கல்யாணப் பெண், அவள் அம்மா, தாத்தா. ஐயம்பேட்டைத் தறிக்காரர்கள் இரண்டு பேரும் அட்டைக்காகக் காத்திருந்தார்கள். பழனி திரையில் மயில் கரையைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறான். அப்போது கீழ் மூலையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. அதில் ஒரு பெண்ணின் படம். வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய படம் இல்லை. பழனி பதறிப்போய் அதை மூடப் பார்த்தான். கை தவறிப் படத்தின் மேலேயே அழுத்திவிட்டான். சின்னதாக இருந்தது திரை முழுக்க விரிந்தது. அதை மூடினால் இன்னொன்று. பெண்ணின் அம்மா மகளின் முகத்தைத் திருப்பினாள். தாத்தா இருமிக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அண்ணன் போட்ட சத்தம் சுவரைத் தாண்டி என் கடைக்குக் கேட்டது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

"நான் இல்லாத நேரத்துல இந்த அசிங்கத்தத்தான் பாத்துக்கினு இருந்தியா? சாமி படம் வெச்ச பொட்டிடா இது!"

"ண்ணா, சத்தியமா நான் இல்லண்ணா. அந்தக் கேடயம் வந்ததுலேர்ந்துதான்..."

"காவல் காக்குறது மேல பழி போடாத! தானா வருமா இதெல்லாம்? நீ போய்ப் பாத்தாத்தான வரும்? எழுந்து போடா வெளியில!"

 பழனி மவுஸை நேராக வைத்துவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் தாண்டிப் போனான். காதெல்லாம் சிவந்திருந்தது. செய்யாத தப்புக்கு இவ்வளவு கூசுவானா, செய்திருப்பானோ என்றுதான் அங்கே நின்றவர்கள் நினைத்தார்கள். செய்யாதவனுக்குத்தான் அப்படிக் கூசும் என்பது எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

தறிக்காரர்கள் அட்டையோடு சேர்த்து அந்தச் செய்தியையும் ஐயம்பேட்டைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரமே தர்மன் வீட்டிலிருந்து பழனியின் அம்மாவுக்கு ஆள் வந்தது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது, இப்போதைக்கு வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழனி ஓரிக்கையில் வேறொரு பட்டறைக்கு அட்டை அடிக்கப் போய்விட்டான்.

சிக்கல் என்னவென்றால், பழனி போன பிறகும் படங்கள் போகவில்லை.

அண்ணன் அதை யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கடைக்கு வந்தால் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். எனக்கு அது விசித்திரமாகத்தான் பட்டது. ஒருநாள் மத்தியானம், நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது பக்கத்துக் கடையில் சைரன் ஊதியது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல், உங்கள் கணினி முடக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கத்தியது. அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மங்கை, கொஞ்சம் வாம்மா. வரும்போது கதவ சாத்திட்டு வா."

உள்ளே போனால், கம்ப்யூட்டர் திரை மேல் அவருடைய துண்டு. மூடி வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்தில் அந்தச் சிரிப்பு வாய்க்கு வரவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணல மா. அதுவா வருது" என்றார். அன்று பழனி சொல்லி அவர் நம்பாத அதே பேச்சு. அவருக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பிக்கொண்டார்.

"அந்த நம்பருக்கு போன் பண்ணீங்களாண்ணா?"

"டயல் பண்ணப் போனேன். அதுக்குள்ள உன் நெனப்பு வந்துச்சு."

"நல்லதாப் போச்சு. நெஜமான ஆன்டிவைரஸ் எதுவும் சைரன் ஊதாது, போன் நம்பர் குடுக்காது. இதெல்லாம் திருட்டுப் பசங்க வேல. கூப்பிட்டிருந்தா பேசிப் பேசியே கம்ப்யூட்டர அவனுங்க கைக்கு வாங்கியிருப்பானுங்க."

முதலில் நெட் வயரைப் பிடுங்கினேன். சைரன் போட்ட பக்கத்தை மூடுகிற பெருக்கல் குறியே போலியாக இருந்தது. அதைத் தொட்டால் இன்னும் இரண்டு திறக்கும். அதனால் அந்தப் பக்கத்தைத் தொடாமல், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை மொத்தமாக நிறுத்தினேன். சைரன் வாயடைத்துப் போனது. பிறகு இந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன மென்பொருள் போட்டிருக்கிறது என்று பார்த்து, நீலக் கேடயக்காரனைப் பிடித்து நீக்கினேன். "நிச்சயமா? உங்கள் பாதுகாப்பு போய்விடும்" என்று போகும்போதும் மிரட்டினான். அவனுக்குத் துணையாகப் பிரவுசருக்குள் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றையும் எடுத்தேன். மாற்றி வைத்திருந்த முதல் பக்கம், தேடுகிற இடம் இரண்டையும் பழையபடி ஆக்கினேன். கம்ப்யூட்டரோடு வந்த சொந்தப் பாதுகாப்பு ஒன்று உண்டு. பாவம், அதை இவன் அணைத்தே வைத்திருந்தான். அதை எழுப்பி முழுசாகத் தேடச் சொன்னேன்.

"அந்த... படம் வர்றது?" என்றார் அண்ணன், திரையைப் பார்க்காமல்.

"அது வைரஸ் கூட இல்லண்ணா. ஏதோ ஒரு வெப்சைட்டுக்கு, நீ எப்ப வேணா வந்து சேதி காட்டுன்னு யாரோ அனுமதி குடுத்திருக்காங்க. குடுத்த அனுமதிய எடுத்தா நின்னுடும். பாருங்க, இங்க இருக்கும்."

பிரவுசரின் அமைப்புகளில் அனுமதி பெற்ற தளங்கள் என்ற இடத்தைத் திறந்தேன். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஆங்கில எழுத்தில், அம்மன் வால்பேப்பர் இலவசம்.

 அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் பக்கத்திலிருந்த நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். அது பழனியின் நாற்காலி.

"படம் எறக்கும்போது பச்சையா ஒரு பட்டன் இருந்துச்சு மா" என்றார். "அழுத்தினேன். கேடயம் ஒண்ணு வந்துச்சு, நல்லதுதானேன்னு விட்டேன். அப்புறம் ஒண்ணு கேட்டுச்சு. அனுமதியா, வேணாமான்னு. பின்னாடி அம்மன் முகம் தெரியுது. அவ முகத்துக்கு முன்னாடி வேணாம்னு எப்படி மா அழுத்தறது?"

என்னால் கோபப்பட முடியவில்லை. இந்த ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் அழுத்தியிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான்.

"பழனிய திரும்பக் கூப்டுக்கலாம் மா. ஏதோ மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம். இந்தப் பேரு... இது வெளிய போக வேணாம்."

"ஏண்ணா, தெருவே கேக்குற மாதிரி கத்திப் போகச் சொன்னீங்க. இப்ப காதோட காதா வரச் சொல்லுவீங்களா? அவன் கல்யாணம் நின்னு போச்சு, தெரியுமா உங்களுக்கு? ஜாதகம் இடிக்குதாம். எது இடிக்குதுன்னு ஊருக்கே தெரியும்."

அவருக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் மனசு கஷ்டப்படுமாம்! தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரலிடுக்கில் திருநீறு உதிர்ந்தது. ஒரு மனிதர் அவ்வளவு வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டு நிற்க எனக்கே வெட்கமாக இருந்ததால் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு ஓரிக்கைக்குப் போனார். பட்டறை வாசலில் பழனி வந்து நின்றான். அங்கே வேலை செய்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் குரலைத் தாழ்த்தவில்லை.

"டேய் பழனி, நான்தான்டா. அம்மன் படம் எறக்குறேன்னு கண்டதுக்கும் அனுமதி குடுத்தது நான்தான். உன் மேல போட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுபா."

பழனி கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனால் சட்டென்று உருகிவிடவில்லை. "இங்க சொல்லி இன்னாண்ணா ஆகப் போவுது? நம்பாதவங்க இங்க இல்லியே" என்றான்.

"வா, அங்கியே போலாம்" என்றார் அண்ணன்.

மூன்று பேரும் ஐயம்பேட்டை போனோம். தர்மன் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து நாற்காலி போட்டார். எனக்கொரு ஸ்டூல் வந்தது. பழனிக்கு எதுவும் வரவில்லை. அவன் வாசல்படி ஓரமாக நின்றான். உள்கதவுக்குப் பக்கத்தில் ஜெயப்ரியா வந்து நின்றதைப் பார்த்தேன்.

அண்ணன் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஒன்று விடாமல் சொன்னார். எந்தக் காலையில், என்ன தேடினார், எதை அழுத்தினார், பழனி எச்சரித்தும் எப்படி வாயை அடைத்தார், அன்று கடையில் என்ன கத்தினார் என்று எல்லாவற்றையும் சொன்னார். "அந்த அசிங்கத்தக் கடைக்குள்ள கொண்டாந்தது நான். இந்தப் பையன் இல்ல" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. வாழ்நாளில் அசிங்கம் எதையும் காதால் கேட்கவே கூசிய மனிதர் அதைத் தன் மேல் எடுத்துப் பூசிக்கொண்டு, ஒரு பெண் இருக்கும் வீட்டு வாசலில் நின்றார்.

தர்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா, உங்க மனசு எவனுக்கு வரும்? வேலை செஞ்ச பையன் வாழணும்னு அவன் பண்ணத உங்க தலையில போட்டுக்கினு வந்து நிக்கிறீங்களே!"

"இல்லைங்க. நெஜமாவே நான்தான்..."

"போதுங்கய்யா. நீங்க அந்த மாதிரிப் படம் வர்ற எடத்துக்குப் போனீங்கன்னு சொன்னா என் வீட்டு மாடு கூட நம்பாது."

நான் குறுக்கே புகுந்தேன். கெட்ட தளத்துக்குப் போனால்தான் வரும் என்று இல்லை, சாமி படம் காட்டியே ஏமாற்றுவார்கள், என் கையால் அந்த அனுமதியை எடுத்தேன் என்று விளக்கினேன். தர்மன் மரியாதையாகக் கேட்டார். "நீங்க அவரு பக்கத்துக் கடை. விட்டுக் குடுக்க மாட்டீங்க" என்று சிரித்தார்.

உள்கதவிலிருந்து ஜெயப்ரியா கேட்டாள். "சார், அன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி இவரு மேல சொன்னீங்களே, அப்போ பாத்துத் தெரிஞ்சிக்கினுதான் சொன்னீங்களா?"

"இல்லம்மா" என்றார் அண்ணன். "ஒண்ணுமே தெரியாமத்தான் சொன்னேன்."

அவள் பழனியைப் பார்த்தாள். அவள் நம்பினாள் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் தர்மன் "நீ உள்ள போம்மா" என்றார். அவள் போனாள். பிறகு அவர் தயங்கித் தயங்கி, செய்யாறு பக்கம் ஒரு இடத்தில் பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது, ஐயா தப்பாக நினைக்கக் கூடாது என்றார். கிளம்பும்போது தர்மன் அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அண்ணன் அடிபட்டவர் மாதிரி பின்னால் நகர்ந்தார்.

டவுன் பஸ்ஸில் கூட்டம். அண்ணன் ஏறியதும், அட்டை வாங்க வருகிற தறிக்காரர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். அண்ணன் அவரிடமும் ஆரம்பித்தார். "உங்களுக்குத் தெரியுமா, அன்னிக்குக் கடையில பழனி மேல சொன்னது பொய். தப்பு என்னோடது." அந்த மனிதர் கேட்டு முடித்துவிட்டு, "பெரிய மனசுங்கய்யா உங்களுக்கு. உக்காருங்க" என்றார்.

பழனி அவர் தோளைத் தொட்டான்.

"விடுங்கண்ணா. என்னப் பத்தி ஒரு தடவ சொன்னீங்க, ஊரே நம்பிச்சு. உங்களப் பத்தி நீங்க எத்தினி தடவ சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் அவன் முகத்தையே பார்த்தார்.  கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். காஞ்சிபுரம் வரும்வரை அந்த இடத்தில் அவரும் உட்காரவில்லை, வேறு யாரும் உட்காரவில்லை.